தோசைக் கல்லின் முன் எனக்குக் கிடைத்த சமாதானம்

கையில் பட்ட தீ ஆறிவிட்டது. மனதில் பட்டது அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை. அது எப்படி ஆறியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் தேவராஜ். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் அருகே ஒரு தென்னிந்திய ஹோட்டலில் தோசை மாஸ்டர். நானும் மனைவி ஜெயாவும் டாக்குரியாவில் ஒற்றை அறையில் இருக்கிறோம். மகள் ஊரில் நர்சிங் படிக்கிறாள்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எங்கள் சபை மக்கள்தான் எழுதச் சொன்னார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருக்காது.

போன வருஷம் மழைக்காலம். காலை நேரம். கடை இன்னும் திறக்கவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் சிலிண்டர் வைக்கிற இடத்தில் ஒரு சத்தம் கேட்டது. ஸ்ஸ் என்று, மெதுவாக. டியூப் எங்கோ விட்டிருந்தது. அடைக்கலாம் என்று போனேன். கையை நீட்டினேன். அதுவரைதான் நினைவு. பிறகு ஒரே வெளிச்சம்.

என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தது பாபி. எங்கள் கடையில் பரிமாறுகிறவன், வங்காளி. அவன் இல்லாவிட்டால் நான் இல்லை. வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. கழுத்தோரமும். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜெயா கூடவே இருந்தாள். வலி அதிகம். தாங்கிக்கொண்டேன். தாங்கிக்கொள்வது எனக்குத் தெரிந்த வேலை. தோல் மெல்ல மெல்ல மூடியது. இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளியும் கடையைச் சரிசெய்து திறந்துவிட்டார். சிலிண்டர் இப்போது வெளியே, கம்பிக் கூண்டுக்குள். டியூப், அடுப்பு எல்லாம் புதுசு. இனிப் பயம் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

தோசை போடுகிறவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் கல்லில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளித்துத் துடைப்பத்தால் ஓர் இழுப்பு. அப்போதுதான் சூடு இறங்கி மாவு பரவும். தெளிக்காமல் ஊற்றினால் மாவு பரவாது. கிண்ணத்தோடு சுருட்டிக்கொண்டு வரும்.

வேலைக்குத் திரும்பிய அன்று கல் காய்ந்தது. தண்ணீர் தெளித்தேன்.

ஸ்ஸ் என்றது.

அடுத்து நான் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். கையில் மாவுக் கிண்ணம். மாவு சட்டையெல்லாம். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. பாபி பின்னாலேயே ஓடி வந்தான்.

"மாஸ்டர், கீ ஹோலோ? என்ன ஆச்சி?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

உள்ளே போனேன். மறுபடி தெளித்தேன். மறுபடி வெளியே வந்தேன்.

இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் என் பிழைப்பு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பேன். அதைச் சத்தம் என்று நான் நினைத்ததுகூட இல்லை. இப்போது அதைக் கேட்டால் உடம்பு தனியாக ஓடிவிடுகிறது. வீட்டில் செய்கிற மாதிரி வெங்காயத்தை வெட்டிக் கல்லில் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தேன். கடைச் சூட்டுக்கு அதெல்லாம் நிற்காது. தோசை கூழாக வந்தது.

பிறகு மற்ற இடங்களிலும் ஆரம்பித்தது. பஸ் நிற்கும்போது காற்று விடும் சத்தம் கேட்டால் கால் மடங்கிவிடும். வீட்டில் குக்கர் வைத்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். ஜெயா குக்கரை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் இரண்டு ஆளாக இருந்தேன். ஒருவன் அடுப்பின் முன் நிற்பான். இன்னொருவன் எப்போதும் வாசலில், ஓடுவதற்குத் தயாராக. இரண்டு பேரையும் சுமந்துகொண்டு நடந்தேன். அது தீயைவிட வலித்தது.

முதலாளி என்னை வெங்காயம் நறுக்க வைத்தார். பாபியைக் கல்லில் நிறுத்தினார். பாபி போட்ட தோசையைப் பார்த்து, சாப்பிட வந்த ஒரு மாமி கேட்டார், "இது தோசையா, இல்ல இந்தியா மேப்பா?" பாபி சிரித்துக்கொண்டே, "மாமி, காஷ்மீர் சைடு நல்லா முறுகல், அங்கேர்ந்து சாப்பிடுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் எதுவும் கேட்காத வேலை அது.

முதலாளி தஞ்சாவூர்க்காரர். காலையில் திருநீறு பூசி, சாமி படத்துக்குப் பத்தி காட்டிய பிறகுதான் கல்லாவில் உட்காருவார். நல்ல மனுஷன். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு தேவராஜ். உன் சாமியோ என் சாமியோ, யாராவது ஒருத்தர் சீக்கிரம் வந்தாத் தேவலை. துர்கா பூஜை வந்துடுத்து. கூட்டம் சொல்ல வேண்டாம், உனக்கே தெரியும். திங்கக்கிழமை காத்தால வா. கல்லு முன்னாடி நின்னு பாரு. முடிஞ்சா உன் எடம் உனக்கு. முடியலேன்னா கும்பகோணத்துலேர்ந்து ஒருத்தன் வரேங்கறான். உன்னை வெளிய அனுப்ப மாட்டேன். வெங்காயம் நறுக்கிண்டு இரு."

"சரிங்க முதலாளி" என்றேன்.

அவர் சொன்னது நியாயம். ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது ஒன்று தெரிந்தது. கல்லை விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

இனி ஜெபத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் பிறப்பிலேயே கிறிஸ்தவன். பேருக்குக் கிறிஸ்தவன். கிறிஸ்மஸுக்குப் போவேன். மற்ற ஞாயிறெல்லாம் கடை. ஜெயா அப்படி இல்லை. தினமும் முழங்காலில் நிற்பாள். என் கையில் கட்டுப் போட்டிருந்த நாளெல்லாம் எனக்காக ஜெபித்தாள். கடை வேலை குறைந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். டாலிகஞ்சில் ஞாயிறு மத்தியானம் தமிழ் ஆராதனை நடக்கும். வங்காளிச் சபைக்காரர்கள் காலையில் முடித்துவிட்டு எங்களுக்கு ஹாலைக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம். அதை நடத்துகிறவர் எஸ்தர் அக்கா. ரயில்வே குடும்பம், பல வருஷமாக இந்த ஊரில் இருக்கிறவர்கள். அக்கா குரல் எடுத்து ஜெபித்தால் மாடிவரை கேட்கும்.

எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. கேட்டது கைக்கு வருவதற்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது என்று ஸ்தோத்திரம் சொல்வார்கள். அக்கா அதில் உறுதியானவர்.

"தம்பி, வாயால அறிக்கை பண்ணுப்பா. 'நான் சுகமாயிட்டேன்'னு சொல்லு. காலைல சொல்லு, பஸ்ல சொல்லு, சொல்லிக்கிட்டே இரு. வந்துரும்."

சொன்னேன். சுகமாகிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன். சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன். பஸ் காற்று விட்டது. கால் மடங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சுகமாகிவிட்டேன் என்றேன். எனக்கே என் குரல் பொய்யாகக் கேட்டது. விசுவாசம் இல்லாததால்தான் வரவில்லை என்று நினைத்தேன். பயத்தோடு இந்தப் பாரமும் சேர்ந்துகொண்டது.

முதலாளி சொன்ன திங்கள் வருவதற்கு முந்தின ஞாயிறு. ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். எஸ்தர் அக்கா எழுந்தார். மைக்கை வாங்கினார்.

"நம்ம தேவராஜ் தம்பிக்கு கர்த்தர் பூரண சுகம் குடுத்துட்டாரு! பயம் போச்சு! நாளைக்குக் கல்லுல நிக்கப் போறாரு! கை தட்டி ஆண்டவரை மகிமைப்படுத்துங்க!"

சபையே கை தட்டியது. அல்லேலூயா என்றார்கள். ஜெயா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

போனேன். மைக் பிடித்தது அதுதான் முதல் தடவை. அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சந்தோஷமாக. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். என்னால் முடியவில்லை. தேவனுடைய வீட்டில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"அக்கா நல்ல மனசுல சொன்னாக" என்றேன். "ஆனா எனக்கு சுகமாவல. தண்ணி தெளிச்சா ஒடம்பு நடுங்குது. பயமா இருக்கு. நாளைக்கு நிப்பனான்னு தெரியாது. அவ்ளோதான்."

மைக்கைக் கொடுத்தேன்.

எஸ்தர் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன தம்பி, இப்படி அவிசுவாசமா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

போதகர் மேடையில் இருந்து இறங்கி வந்தார். என் பக்கத்தில் தரையில் முழங்கால் போட்டார். நானும் போட்டேன். அவர் கை என் வெந்த கையின் மேல் இருந்தது.

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். ஷாலினி. கோயம்புத்தூர்ப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எப்போதும் சிரித்துக்கொண்டு, டீ நேரத்தில் எல்லாருக்கும் தட்டு எடுத்துக் கொடுப்பாள்.

"அண்ணா, எனக்கும் இருக்குதுங்கண்ணா" என்றாள். "ஒருதடவ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். அப்புறம் நான் லிஃப்ட்ல ஏறினதே இல்லீங்க. ஆபீஸ் பதினோராவது மாடி. தினமும் படிலதான் போறேன். டயட்ல இருக்கேன்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டு இருக்கேன்."

சொல்லும்போது சிரித்தாள். சொல்லி முடித்ததும் அழுதாள்.

அவளுக்குப் பிறகு ஒருவர். அவருக்குப் பிறகு இன்னொருவர். ஒவ்வொருவரும் ஒரு வரி, இரண்டு வரி. யார் என்ன சொன்னார்கள் என்று எழுத மாட்டேன். அது அவர்களுடையது. இத்தனை வாரம் இந்த ஹாலில் நான் மட்டும்தான் உடைந்தவன் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். சபை முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. அன்று யாரும் சத்தமாக ஜெபிக்கவில்லை. எல்லாரும் தரையில் இருந்தோம். அந்த ஹாலில் தேவன் இருக்கிறார் என்று எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது. பார்க்கவில்லை. தெரிந்தது. தலை நிமிர எனக்குத் தைரியம் வரவில்லை.

டீ குடிக்கும்போது எஸ்தர் அக்கா என்னிடம் வந்தார்.

"என் மூஞ்சியில கரியப் பூசிட்டல்ல?"

"மன்னிச்சிருங்கக்கா."

"போ, போ." பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே நின்றார். அது உடைந்து டீக்குள் விழுந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எனக்கும் ஒண்ணு இருக்குப்பா. சொல்றேன். இன்னிக்கு வேண்டாம்."

மறுநாள் திங்கள். காலையில் ஜெயாவும் கூட வந்தாள். கடை வாசலில் முதலாளி பத்தி காட்டிக்கொண்டிருந்தார். பாபி நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். நான் உள்ளே போய்க் கல் முன்னால் நின்றேன். பாபி வந்து அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தான். ஜெயா கதவருகே நின்றாள்.

"நான் இங்கனக்குள்ளதான் நிப்பேன்" என்றாள்.

"சரி."

கல் காய்ந்தது. அப்போது ஜெபித்தேன். இதுவரை ஜெபித்த மாதிரி இல்லை. சுகமாகிவிட்டேன் என்று சொல்லவில்லை. உள்ளதை மட்டும் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன்.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. இது போவலன்னா இதோடயே நிக்கேன். நீரு பக்கத்துல நில்லும்."

மக்கில் இருந்து தண்ணீர் எடுத்தேன். தெளித்தேன்.

ஸ்ஸ் என்றது.

பயம் வந்தது. வராமல் இல்லை. வழக்கம்போல் நெஞ்சுவரை ஏறியது. காலும் திரும்பப் பார்த்தது. நான் நின்றேன்.

இதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஜெயாவிடம்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. நெஞ்சுவரை வந்த பயம் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே வேறு ஒன்று இருந்தது. ஆழமாக, அசையாமல். அதைப் பயம் தொடவில்லை. தொட முடியவில்லை. அது நான் உண்டாக்கியது இல்லை. என்னிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. எனக்குப் பின்னால், வலது பக்கம், யாரோ நிற்கிறார்கள் என்று இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கல்லைப் பார்த்தேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முத்திலும் ஜன்னல் வெளிச்சம். ஓடி ஓடிச் சிறிதாகி மறைந்தன. இவ்வளவு வருஷம் அந்தக் கல்லின் முன் நின்றிருக்கிறேன். அதை ஒருநாளும் பார்த்தது இல்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். சிறுபிள்ளை மாதிரி நின்றேன்.

வாசலில் நின்றவன் உள்ளே வந்துவிட்டான். அப்படித்தான் சொல்ல முடியும். ஓடுவதற்குத் தயாராக நின்ற அந்த இன்னொருவன் வந்து என்னோடு சேர்ந்துகொண்டான். நான் ஒரே ஆளாக நின்றேன்.

துடைப்பத்தால் ஓர் இழுப்பு. மாவு ஊற்றினேன். பரவியது.

ஜெயா அழுதுகொண்டிருந்தாள். பாபி ஓடிவந்து எட்டிப் பார்த்தான். "ஃபாட்டாஃபாட்டி, மாஸ்டர்!" என்று கத்தினான். ஏதாவது பிரமாதம் என்றால் வங்காளிகள் அப்படித்தான் சொல்வார்கள். முதலாளி வந்து தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். பிறகு கேட்டார், "யாருப்பா வந்தது? ஒன்னோட சாமிதானா?"

"ஆமாங்க" என்றேன்.

"நல்லது. அவரையும் நன்னா கவனிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனார். கும்பகோணத்துக்கு உடனே போன் பண்ணி, ஆள் வேண்டாம் என்று சொன்னதும் கேட்டது.

அந்தப் பூஜை முழுவதும் கல்லில் நின்றேன். வெளியே மேளச் சத்தம், தெரு நிறைய ஜனம். கை ஓயவில்லை. உள்ளே அமைதியாக இருந்தது. அவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் அவ்வளவு அமைதி எப்படி இருக்கும் என்று எனக்கே ஆச்சரியம். இன்றும் ஆச்சரியம்தான்.

பயம் அதோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் வரும். பஸ்ஸில் வரும். வந்தால் ஆண்டவரிடம் வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். நிற்பேன். அது போய்விடும். தழும்பும் அப்படியேதான் இருக்கிறது. நான் கேட்டது பயம் இல்லாத வாழ்க்கை. அவர் எனக்குத் தம்மைக் கொடுத்தார். எனக்கு அது போதும். போதும் என்பதற்கு மேல்.

இன்னொரு மாற்றமும் உண்டு. வீட்டில் பேசுகிறேன். வேலை முடிந்து போனால் அன்று நடந்ததை, மனதில் இருப்பதை ஜெயாவிடம் சொல்கிறேன். முதல் வாரம் அவள் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டாள், "இம்புட்டுப் பேச்சும் இத்தன வருசம் எங்க வச்சிருந்திய?" குக்கர் கட்டிலுக்கு அடியில் இருந்து அடுப்புக்கு வந்துவிட்டது.

எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபமும் மாறிவிட்டது. இப்போது முதலில் உள்ளதைச் சொல்வோம். பிறகுதான் ஸ்தோத்திரம். எஸ்தர் அக்காவும் தன்னுடையதைச் சொன்னார். மெதுவான குரலில் சொன்னார்.

இதை வாசிக்கிறவர்களே, உங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. நான் படித்தவன் இல்லை, புத்தி சொல்ல வரவில்லை. அழகாக ஜெபிக்கத் தெரியாது என்று நிற்காதீர்கள். எனக்கும் தெரியாது. சுகமான பிறகு அவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். உடைந்திருந்தால் உடைந்தபடியே போங்கள். நடுங்கினால் நடுங்குகிறேன் என்று சொல்லுங்கள். அவர் பக்கத்தில் வந்து நிற்பார். எனக்கு நின்றார்.

ஷாலினி இன்னும் லிஃப்டில் ஏறவில்லை. அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னாள். இப்போது தினமும் காலையில் லிஃப்ட் முன்னால் நின்று, பயமாக இருக்கிறது என்று இயேசுவிடம் சொல்லிவிட்டு, படி ஏறிப் போகிறாள். முன்பெல்லாம் தனியாக ஏறினேன், இப்போது அப்படி இல்லை என்கிறாள். அவளுக்காக ஜெபியுங்கள். எங்களோடு நீங்களும் அந்தப் படியில் ஏறுங்கள்.